சம்பந்தியம்மா சுற்றிக் காட்டிய விழுப்புரம்

மதுரைக்கும் சென்னைக்கும் இடையே முப்பத்தைந்து வருடங்களாகப் போய்வந்துகொண்டிருந்த நான், விழுப்புரத்தில் ஒருமுறைகூட ரயிலை விட்டு இறங்கியதில்லை. இறங்கவேண்டும் என்று தோன்றியதும் இல்லை. வண்டி கொஞ்ச நேரம் நிற்கும். ஜன்னலோரம் வடையும் தயிர்சாதமும் கூவி விற்பார்கள். எதிர் சீட்டில் இருந்தவர் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினால், இந்த ஊரில் இவருக்கு என்ன வேலை இருக்கப்போகிறது என்று நினைத்துக்கொள்வேன். மதுரையில் பிறந்து, மதுரையிலேயே ஒரு பள்ளிக்குத் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் ஊர்க்காரர்களுக்கு மற்ற ஊர்கள் மேல் ஓர் இளக்காரம் உண்டு. எனக்கு அது கொஞ்சம் அதிகம். அதை மறைத்துக்கொள்ளவும் நான் பழகவில்லை.

என் ஒரே மகன் விழுப்புரத்துப் பெண்ணைக் காதலித்தான். சென்னையில் இருவரும் ஒரே இடத்தில் வேலை பார்த்தார்கள். பெண்ணிடம் குறை சொல்ல எதுவும் அகப்படவில்லை. அதனால் ஊரைச் சொன்னேன். "விழுப்புரமா? அங்க மனுசங்க குடியிருக்காங்களா?" என்று போனில் கேட்டேன். அவன் ஸ்பீக்கரில் போட்டிருக்கிறான், அவள் பக்கத்தில் நிற்கிறாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கல்யாணத்தை மதுரையில்தான் வைக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, அப்படியே நடத்தினேன். சம்பந்தி வீட்டு வாசலை மிதிக்காமலேயே இரண்டு வருடம் ஓடிவிட்டது.

இதற்கிடையில் இருவரும் திண்டிவனத்துக்கு வேலை மாறினார்கள். அங்கேயே மனை வாங்கி வீடு கட்டினார்கள். சித்திரையில் புதுமனை புகுவிழா. மகன் என்னைக் கேட்காமலே மூன்று நாள் முன்னதாக டிக்கெட் போட்டுவிட்டான்.

"அத்தை உன்னைய அவங்க வீட்டுல தங்க வச்சு ஊரைச் சுத்திக் காட்டணுங்கிறாங்கம்மா. ரொம்ப ஆசைப்படுறாங்க."

"விழுப்புரத்துல சுத்திக் காட்ட என்னடா இருக்கு?"

"போய்த்தான் பாரேன்."

பகல் வண்டியில் போய் இறங்கினேன். பிளாட்பாரத்தில் ஒயர் கூடையோடு என் சம்பந்தியம்மா நின்றிருந்தார். மருமகளின் அம்மா. என்னைவிட ஐந்தாறு வயது இளையவர், ஒல்லி. கருத்த முகத்தில் பெரிய மூக்குத்தி. கல்யாணத்தின்போது பார்த்ததைவிட வெயிலில் இன்னும் கறுத்திருந்தார்.

"வாங்க சம்பந்தியம்மா, வாங்க! வண்டி லேட்டுன்னு மைக்குல சொல்லிக்கினே இருந்தான். குந்தி குந்தி பேஜாரா பூட்டிருக்குமே உங்களுக்கு."

சொல்லிக்கொண்டே என் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார்.

"ஏங்க, அதுக்குச் சக்கரம் இருக்குங்க."

"இந்தக் கல்லு மேல இட்டுக்கினு போனா தேஞ்சிடும். நீங்க வாங்க."

முப்பது வருடம் பிள்ளைகளுக்கு ஒழுங்கு சொல்லிக்கொடுத்தவள், தலையில் டிராலி பெட்டி சுமந்துபோகும் ஓர் அம்மாவின் பின்னால் விழுப்புரம் மேம்பாலப் படியில் ஏறி இறங்கினேன். யாராவது தெரிந்தவர்கள் பார்த்துவிடப் போகிறார்களே என்று கூச்சமாக இருந்தது. இந்த ஊரில் எனக்குத் தெரிந்தவர் யாருமில்லை என்பது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அவர்கள் வீடு ஊருக்கு வெளியே, புறவழிச்சாலைக்கு இந்தப் பக்கம். இரண்டு அறை, ஒரு கூடம். கூடத்தில் சாக்குச் சாக்காக எதையோ அடுக்கி, அதன்மேல் எனக்காகப் புதுப் போர்வை விரித்து மறைத்திருந்தார்கள். சம்பந்தி வீட்டில் இல்லை. திருவெண்ணெய்நல்லூர் பக்கம் அவர்களுக்கு நிலம் இருக்கிறது, அங்கே போயிருக்கிறார் என்றார். கறிக்குழம்பு வைத்திருந்தார். எங்கள் ஊர் ருசி அதில் இல்லை. சாப்பிட்ட பிறகு ஒரு தட்டு நிறைய வேகவைத்த நிலக்கடலையைக் கொண்டுவந்து வைத்தார்.

"மல்லாட்டை சாப்புடுங்க. நம்ப கொல்லையில வெளைஞ்சது." நிலத்தைத்தான் கொல்லை என்கிறார்.

"எங்க ஊர்ல இதைக் கடலைன்னு சொல்லுவோம்."

"கடலையா? கடலைன்னா சுண்டல் பண்ற மூக்கடலை இல்ல?"

"இதுவும் கடலைதான். நிலக்கடலை. புத்தகத்துல அப்படித்தான் இருக்கு."

"புக்குல எழுதறவங்க வெதைச்சிப் பாத்திருக்க மாட்டாங்க," என்று சிரித்தார். அதை நான் ரசிக்கவில்லை.

அன்று சாயங்காலம் ஊரைச் சுற்றிக் காட்டுவது தொடங்கியது. ஆட்டோவில் நான்குமுனைச் சந்திப்புக்குப் போனோம். "இப்டி போனா பாண்டி. இப்டி போனா திருச்சி. அப்டி போனா சென்னை" என்று கையை நீட்டி நீட்டிக் காட்டினார். ஊரைப் பற்றி ஊர்க்காரர்களே சொல்லிக்கொள்ளும் பெருமை அங்கிருந்து வேறு ஊர்களுக்குப் போகலாம் என்பதாக இருப்பதை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். பிறகு ஒரு பெரிய துணிக்கடைக்குக் கூட்டிப்போனார். துணி வாங்க இல்லை. உள்ளே நகரும் படிக்கட்டு இருக்கிறதாம்.

படிக்கட்டின் அருகில் வந்ததும் என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "பயப்படாதீங்க. வலது காலை மொதல்ல வையுங்க. புடவைய தூக்கிக்குங்க."

"எனக்குப் பழக்கம்தாங்க. மதுரையில இதெல்லாம் எப்பவோ வந்தாச்சு."

அவர் காதில் அது விழவில்லை. மேலே போய், சுற்றி வந்து, கீழே இறங்கி, "இன்னொரு தபா போலாமா?" என்றார். போனோம். கடைப் பெண்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். அன்று இரவு மகனுக்குப் போன் போட்டு, "உன் மாமியார் ஊர்ல பாக்கவேண்டியதை எல்லாம் பாத்துட்டேன். நாளைக்கு என்னைய வந்து கூட்டிட்டுப் போயிரு" என்றேன். அவனுக்கு வேலை இருந்தது. மறுநாள் காரில் சுற்றிவிட்டுச் சாயங்காலம் திண்டிவனத்தில் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள், பொறுத்துக்கொள் என்றான்.

மறுநாள் அமாவாசை. வாடகைக் கார் ஏழரைக்கே வந்துவிட்டது. ஓட்டுநர் நாற்பது வயதுக்காரர், சம்பந்தியம்மாவுக்குத் தூரத்து உறவு. அவரை "அத்தே" என்றும் என்னை "அம்மா" என்றும் கூப்பிட்டார். முதலில் திருவாமாத்தூர். ஊரை விட்டுச் சற்றுத் தள்ளி, வயலுக்கு நடுவில் ஒரு சிவன் கோயில். நல்ல கோயில்தான். ஆனால் மீனாட்சி கோயில் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே பல் துலக்கி வளர்ந்தவளுக்கு எந்தக் கோபுரத்தைக் காட்டினாலும் கழுத்தை நிமிர்த்தத் தோன்றாது. மாடுகள் தவம் இருந்து கொம்பு வாங்கிய ஊர் இது என்று சம்பந்தியம்மா சொன்னார்.

"அதுக்கு முன்னாடி மாட்டுக்குக் கொம்பே கெடையாதா?"

"கெடையாது. இங்கதான் குடுத்தாரு."

அம்மன் சன்னதியில் வட்டப்பாறையைக் காட்டினார். அதன் முன்னால் நின்று பொய்ச் சத்தியம் செய்த ஓர் அண்ணன்காரன் ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் பாம்பு கடித்துச் செத்தானாம். கதை சொல்லிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் போட்டுக்கொண்டேன். சிறப்பு ஒன்றும் இல்லாத ஊர்களுக்குத்தான் இப்படிப்பட்ட கதைகள் நிறைய தேவைப்படும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

செஞ்சி ரோட்டில் ஏறியதும் வண்டி நத்தை வேகத்துக்கு வந்துவிட்டது. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகும் அமாவாசைக் கூட்டம். பஸ், வேன், டிராக்டர், மஞ்சள் புடவைகள், ஜன்னலில் கட்டிய வேப்பிலை. "இன்னைக்குத்தானா இந்த ரோட்டுல வரணும்?" என்றேன். "அங்கிட்டு வேற பாதை இல்லையா, இப்படிச் சுத்தி இங்கிட்டு வர?"

ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "அங்கிட்டு இல்லம்மா. இங்கிட்டும் இல்ல" என்றார். சம்பந்தியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். என் தமிழைப் பார்த்து, 'வந்துக்கினு போய்க்கினு' என்று பேசுகிறவர்கள் சிரிக்கிறார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்போது சம்பந்தியம்மாவின் போன் அடித்தது. மறுமுனையில் அவர் வீட்டுக்காரர் கத்திப் பேசியது பின் சீட்டில் எனக்கே கேட்டது. மல்லாட்டை பிடுங்க எட்டுப் பேர் வருவதாகச் சொல்லி நான்கு பேர்தான் வந்திருக்கிறார்கள், வானம் வேறு மூட்டம் போடுகிறது, நீ எப்போ வருகிறாய் என்று கேட்டார்.

"ரெண்டு நாளு பாத்துக்குங்க. சம்பந்தியம்மாவ உட்டுட்டு எப்டி வர்றது? நாளான்னிக்கு பால் காய்ச்சிட்டு ஓடியாந்துடறேன்." போனை வைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல, "தண்ணி குடிக்கறீங்களா?" என்றார்.

அறுவடையைப் போட்டுவிட்டு இந்த அம்மா என்னை நகரும் படிக்கட்டில் ஏற்றிக்கொண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் புரிந்தது. நன்றி வந்திருக்கவேண்டும். எனக்கு எரிச்சல்தான் வந்தது. நான் கேட்டேனா? யாரும் கேட்காத உபசாரத்தைச் செய்து, அதற்குக் கடமைப்பட்டவளாக நம்மை ஆக்கிவிடுகிறார்களே என்று இருந்தது.

செஞ்சிக்கு வந்து சேரப் பன்னிரண்டு மணி தாண்டிவிட்டது. ரோட்டிலிருந்தே மலைகள் தெரிந்தன. மூன்றும் பாறைகளைக் கொட்டிக் குவித்து வைத்ததுபோல. கோட்டை மதில் ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்கு ஓடுகிறது. உலக அளவில் இதற்கு ஏதோ அங்கீகாரம் கொடுத்திருக்கிறார்கள் என்று ஓட்டுநர் சொன்னார்.

"இங்க நீங்க எத்தனை தடவை வந்திருப்பீங்க?" என்று சம்பந்தியம்மாவைக் கேட்டேன்.

"நானா? இதான் மொத தபா."

"முதல் தடவையா? விழுப்புரத்துலயே இருந்துக்கிட்டா?"

"எங்க வர்றது சம்பந்தியம்மா? கொல்லைக்கும் வூட்டுக்கும் பஸ் ஏறவே நேரம் பத்தல. பொண்ணுதான் போன்ல பாத்து லிஸ்ட் எழுதிக் குடுத்துச்சு, இன்னின்ன இடத்துக்கு இட்டுக்கினு போம்மான்னு." ரவிக்கைக்குள்ளிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துக் காட்டினார். மருமகளின் குண்டு குண்டான எழுத்து. கடைசி வரியில், 'அத்தை வெயில் தாங்க மாட்டாங்க, குடை எடுத்துக்கோ' என்று இருந்தது.

தனக்கே தெரியாத இடத்தை என்னிடம் பெருமையாகக் காட்டவந்திருக்கிறார். இதைவிடச் சிறுபிள்ளைத்தனம் இருக்க முடியுமா என்று நினைத்தேன்.

டிக்கெட் எடுத்து உள்ளே போனோம். கல்யாண மகால், குதிரை லாயம், நெற்களஞ்சியம் எல்லாம் கீழேயே இருந்தன. எல்லாவற்றையும் ஒரே பார்வையில் பார்த்து முடித்தேன். சம்பந்தியம்மா ஒவ்வொரு தூணையும் தொட்டுப் பார்த்தார். களஞ்சியத்துக்குள் போய், இதில் எத்தனை மூட்டை பிடிக்கும் என்று ஓட்டுநரோடு கணக்குப் போட்டார். பிறகு வெளியே வந்து மூன்றில் உயரமான ராஜகிரி மலையின் உச்சியை அண்ணாந்து பார்த்தார்.

"ஏறலாமா?"

"எனக்கு முட்டி வலிங்க. என்னால முடியாது."

என் முட்டிக்கு ஒன்றும் இல்லை. மதுரையில் தினமும் காலையில் பூங்காவை ஆறு சுற்றுச் சுற்றுகிறவள் நான். சித்திரை வெயிலில் அந்த அம்மாவோடு வியர்த்து வழிந்து, மேலே போய், அவர் 'ஐயோ, எம்மாம் ஒசரம்' என்று சொல்வதைக் கேட்க எனக்கு விருப்பமில்லை.

"அப்டின்னா நீங்க நெழல்ல குந்திக்கினு இருங்க. நான் மட்டும் கொஞ்ச தூரம் போயி பாத்துட்டு ஜல்தியா வந்துடறேன்."

ஒயர் கூடையிலிருந்து ஒரு தூக்குவாளியையும் ஒரு பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டார். செருப்பைக் கழற்றிக் கூடைக்குப் பக்கத்தில் வைத்தார். மஞ்சள் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு விறுவிறுவென்று போனார். ஓட்டுநர் காரில் தூங்கப் போனார். நான் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தேன்.

ஒரு மணி நேரம் நன்றாகவே போனது. வந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு குடும்பம் எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு இலைகளைக் குரங்குகளுக்கு விட்டுவிட்டுப் போனது. ஒரு ஜோடி, மதில் சுவரில் சாவியால் பெயரைச் செதுக்கியது. 'ஏய், என்ன பண்றீங்க?' என்று தலைமையாசிரியைக் குரலில் அதட்டினேன். அந்தப் பையன், "உங்க கோட்டையா ஆன்ட்டி?" என்று கேட்டான். என் கோட்டை இல்லைதான்.

இரண்டு மணி ஆனது. இரண்டரை ஆனது. கல் எல்லாம் அனல் கக்கியது. சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டேன். என் காலடியில் இருந்த ஒயர் கூடைக்குள்ளிருந்து பக்திப் பாட்டு ஒலித்தது.

மூன்று மணிக்கு மருமகள் கூப்பிட்டாள். "அத்தே, செஞ்சி பாத்தாச்சா? நல்லா இருக்கா? அம்மா போனை எடுக்கல, பக்கத்துல இருக்காங்களா?"

"இங்கதான் இருக்காங்க. தூணைப் பாத்துக்கிட்டு இருக்காங்க."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. உங்கள் அம்மாவைத் தனியாக மலை ஏறவிட்டுவிட்டு நான் நிழலில் உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. போனை வைத்ததும் எழுந்து நின்று மலையைப் பார்த்தேன். வெயிலில் மயங்கி விழுந்திருந்தால்? செருப்பில்லாத கால். எங்காவது வழுக்கியிருந்தால்? நுழைவாயிலில் இருந்த காவலாளியிடம் போய்ச் சொன்னேன். மூன்று மணிக்கு மேல் யாரையும் ஏற விடுவதில்லை என்றார்.

"அம்மா தனியாவா போனாங்க? நீங்க கூடப் போவலையா?"

"எனக்கு முட்டி வலி" என்றேன். அன்றைக்கு அந்தப் பொய்யை இரண்டாவது முறை சொன்னேன்.

"ஏறனவங்க எறங்கிக்கினுதான் இருக்காங்க. வந்துடுவாங்க, பயப்படாதீங்க."

அவர் வேறு யாருக்கோ டிக்கெட்டைச் சரிபார்க்கத் திரும்பிய நேரத்தில் நான் உள்ளே நடந்து, படியில் ஏறத் தொடங்கினேன். படி என்று சொல்வது மரியாதைக்கு. பாறையை வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே முழங்கால் உயரம். நூறு படி ஏறியிருப்பேன். புடவை காலில் சிக்கியது, வாய் உலர்ந்தது. இந்த ஊரையும், இங்கே கோட்டை கட்டியவர்களையும், காதலித்த என் மகனையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே ஏறினேன். மேலேயிருந்து நான்கைந்து கல்லூரிப் பையன்கள் இறங்கி வந்தார்கள்.

"தம்பி, மஞ்சப் புடவை கட்டின ஒரு அம்மாவைப் பாத்தீங்களாப்பா?"

"மூக்குத்தி போட்டுக்கினு இருப்பாங்களே, அவங்களா? மேல கோயிலாண்ட குந்திக்கினு கூழு குடிச்சிக்கினு இருந்தாங்கம்மா. எங்களுக்குக் கூட மல்லாட்டை குடுத்தாங்க. பின்னாடியே வர்றாங்க."

பயம் போன வேகத்தில் கோபம் வந்தது. நான் இங்கே செத்துப் பிழைக்கிறேன், அவர் அங்கே கூழ் குடிக்கிறார். ஒரு பாறையில் உட்கார்ந்து, என்னென்ன கேட்கவேண்டும் என்று மனதுக்குள் அடுக்கினேன். பத்து நிமிடத்தில் திருப்பத்தில் மஞ்சள் புடவை தெரிந்தது. தூக்குவாளியை ஆட்டிக்கொண்டு, பக்கவாட்டில் கால் வைத்து, ஆடு இறங்குவதுபோல லாவகமாக இறங்கி வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"முட்டி வலின்னீங்களே?"

அடுக்கி வைத்தது எல்லாம் போய்விட்டது. "நேரமாயிருச்சேன்னு…" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார், கீழே நான் ஏறி வந்த படிகளைப் பார்த்தார். "கையக் குடுங்க. ஏறறதவிட எறங்கறதுதான் கஷ்டம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் இறங்கினார். அந்தக் கை சொரசொரவென்று இருந்தது.

செஞ்சி கடைத்தெருவில் வண்டியை நிறுத்திவிட்டு ஓட்டுநர் டீ குடிக்கப் போனார். காரில் நாங்கள் இருவர்தான். நானே கேட்டேன்: "மேல என்ன இருக்கு?"

"கோயிலு இருக்குது. பீரங்கி ஒண்ணு கெடக்குது. காத்துதான் ஆளையே தூக்குது." சற்று யோசித்தார். "நம்ப கொல்லை தெரியுமான்னு பாத்துக்கினே இருந்தேன். ஒண்ணும் தெரியல. ஏரியும் ரோடுமா எல்லாம் ஒரே மாதிரி கெடக்குது. அதான் நேரம் பூடுச்சு."

பிறகு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"சம்பந்தியம்மா, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு எங்க ஊரு புடிக்கல. வண்டிய உட்டு எறங்கனப்பவே தெரிஞ்சிடுச்சி. புடிக்கணும்னு ஒண்ணும் இல்ல. எங்களுக்கே இங்க இன்னா இருக்குதுன்னு தெரியாதப்ப உங்களுக்கு எப்டி புடிக்கும்? ஆனா நாளான்னிக்கு அந்த வூட்டுல வந்து இந்த மூஞ்சிய வச்சிக்காதீங்க."

"எந்த மூஞ்சி?"

"இதோ, இப்ப வச்சிருக்கீங்களே, இதத்தான். எம்பொண்ணு டைல்ஸ் கடையில போயி நின்னுக்கினு, இது அத்தைக்குப் புடிக்குமா, அது புடிக்குமான்னு எனக்குப் போட்டோ போட்டோவா அனுப்பிச்சிது. எனக்கு இன்னா தெரியும்? எல்லாத்தையும் நல்லாருக்குன்னேன். நீங்க மனுசங்க குடியிருக்காங்களான்னு கேட்டதிலேர்ந்து அது உங்க வாயப் பாத்துக்கினேதான் கெடக்குது."

ஓட்டுநர் டீ கிளாஸோடு வந்து ஜன்னலில் நீட்டினார். வாங்கிக் குடித்தேன். சர்க்கரை அதிகம். இந்த ஊர்க்காரர்களுக்கு டீ போடவும் தெரியவில்லை என்று பழக்கத்தில் நினைத்தேன். ஆனால் காது சுட்டது. இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. பேசத் துணிந்திருக்க மாட்டார்கள்.

திண்டிவனம் வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. ஊரைத் தாண்டி, எல்லைக்கல் நட்ட காலி மனைகளுக்கு நடுவே அந்த வீடு தனியாக நின்றது. முன் சுவர் முழுக்க ரோஸும் சாம்பலும் கலந்த டைல்ஸ். வாசல் தூணில் வளைந்து ஏறும் பிளாஸ்டர் கொடி. உள்ளே கூடத்தின் மேற்கூரையில் நீலமும் பச்சையுமாக மாறி மாறி எரியும் விளக்கு. எங்கள் தெருவில் இப்படி ஒரு வீடு எழும்பினால் நான் எதிர் வரிசையில் நடந்துபோவேன்.

"எப்படிம்மா இருக்கு?" என்று மகன் கேட்டான்.

மருமகள் கதவருகில் நின்றிருந்தாள். வீட்டை அவள் பார்க்கவில்லை. என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருடமாக அவள் இப்படித்தான் நிற்கிறாள் என்பது அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது. பள்ளியில் என் அறை வாசலில் பிள்ளைகள் அப்படி நிற்பார்கள். அதை நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நல்லா இருக்கு" என்றேன். "சமையல்கட்டு பெருசா இருக்கு. காத்தும் நல்லா வருது."

"நெஜமாவா அத்தே? டைல்ஸ்?"

"டைல்ஸும் நல்லா இருக்கு. நான் என்னைக்கு இல்லாததைச் சொல்லியிருக்கேன்?"

சம்பந்தியம்மா சட்டென்று திரும்பிச் சமையலறைக்குள் போய்விட்டார். சிரிப்பை அடக்க முடியாமல் அவர் தோள் குலுங்குவது எனக்குத் தெரிந்தது.

பால் காய்ச்சிய அன்று அவர் எல்லோருக்கும் முன்னால் எழுந்து கோலம் போட்டு, வந்தவர்களுக்குப் பரிமாறி, கடைசிப் பந்தியில் அவசரமாகச் சாப்பிட்டார். மேற்கே இடி இடித்தது. பிடுங்கிப் போட்ட மல்லாட்டை கொல்லையில் காயக் கிடக்கிறது, மழை வந்தால் எல்லாம் முளைத்துவிடும் என்று சொல்லி, பட்டுப்புடவையோடேயே பஸ் ஏறிவிட்டார். என்னிடம் "வர்றேன் சம்பந்தியம்மா" என்றதோடு சரி. நானும் 'போய்ட்டு வாங்க' என்றேன். அன்று சாயங்காலம் திண்டிவனத்தில் பெரிய மழை. விழுப்புரம் பக்கம் எப்படி என்று மருமகளைக் கேட்கச் சொன்னேன். பாதி நனைந்துவிட்டதாம்.

நான் பத்து நாள் அந்த வீட்டில் இருந்தேன். டைல்ஸ் பழகவில்லை. திண்டிவனம் கடைத்தெருவை ஒரு சாயங்காலத்தில் நடந்து முடித்துவிட்டேன், இரண்டாவது முறை போக வேலை வைக்கவில்லை. தெருவில் பேச ஆள் இல்லை. மத்தியானத்தில் லாரிச் சத்தம் மட்டும் கேட்கும். எனக்கு அந்தப் பக்கம் இப்போதும் பிடிக்காது. பிடிக்கும் என்று நான் எழுதினால் என் மகனே நம்பமாட்டான்.

ஏழாவது நாளோ எட்டாவது நாளோ, துணி மடித்துக்கொண்டிருந்தபோது, மதுரையில் வீட்டை விற்றுவிட்டு இங்கே வந்துவிடச் சொல்கிறானே உன் புருசன், நீ என்ன நினைக்கிறே, நீங்கள் ரெண்டு பேரும் அங்கே வந்தால் என்ன என்று மருமகளைக் கேட்டேன்.

அவள் ஒரு சட்டையை உதறி மடித்தாள். "எனக்கு மதுரை புடிக்காது அத்தே" என்றாள்.

"என்னது?"

"புடிக்காது. கல்யாணத்தப்பவே புடிக்கல. ஒரே கூட்டம், ஒரே சத்தம். யாரப் பாத்தாலும் எங்க ஊரு மாதிரி வருமான்னு கேட்டுக்கினே இருக்காங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மீனாட்சி கோயிலைப் பற்றியும், இரண்டாயிரம் வருடத்தைப் பற்றியும் சொல்ல வாயெடுத்தேன். அவள் என் உதட்டைப் பார்க்கவில்லை. நேராகக் கண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாயை மூடிக்கொண்டேன். மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். சாப்பிட உட்கார்ந்த பிறகு, மதுரையில் வேறு என்னென்ன பிடிக்கவில்லை, வரிசையாகச் சொல்லு பார்ப்போம் என்றேன்.

அவளிடம் நிறையவே இருந்தது.